அத்தியாயம் 7: டிக்கட் எங்கே காத்துக் கிடக்கிறது?

லண்டனிலிருந்து வேலை தரும் கிளையன்டானாலும் சரி, கொழும்பிலுள்ள தலைமை ஒபிஸானாலும் சரி, முதல் மாதம் முடிவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "உங்கட வெலொசிட்டி எவ்வளவு?" பதில் சொல்வது சுலபம். கடந்த மூன்று ஸ்பிரின்டிலும் முடித்த ஸ்டோரி பொயின்ட்களைக் கூட்டி மூன்றால் வகுத்துவிடலாம். ஆனால் அந்த எண்ணைக் கேட்டவருக்கு அணியைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்றால், அநேகமாக ஒன்றும் தெரிந்திருக்காது.

திருகோணமலையிலும் அயலிலும் நான்கு முதல் பத்துப் பேர் வரை கொண்ட மென்பொருள் அணிகளை நடத்துபவர்களை மனதில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்துவிட்டு இரவு ரயில் ஏறாமல் ஊரிலேயே நின்றவர்கள், 2020இல் கோவிடுக்கு வீடு வந்து திரும்பிப் போகாதவர்கள், உப்புவெளியிலோ உவர்மலையிலோ மேல்மாடி அறையொன்றை வாடகைக்கு எடுத்து ஒன்றாக இருந்து வேலை செய்பவர்கள் என்று இந்த அணிகள் பல வகை. நூறு பேர் இருக்கும் இடத்துக்கென்று உருவான அளவுமுறையை ஆறு பேருக்குப் பிரயோகித்தால் வரும் எண்களில் பாதி தற்செயல்தான்.

வெலொசிட்டியும் வேலைநாளும்

ஸ்டோரி பொயின்ட் என்பது ஓர் அணி தனக்குள் வைத்துக்கொள்ளும் குத்துமதிப்பு. அடுத்த இரண்டு கிழமைக்கு எவ்வளவு வேலையை ஏற்கலாம் என்று பார்க்க அது உதவும். வேறோர் அணியோடு ஒப்பிடவோ, சம்பள உயர்வைத் தீர்மானிக்கவோ உதவாது. ரொன் ஜெஃப்ரிஸ் 2001 பெப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதிய 17 பேரில் ஒருவர். ஸ்டோரி பொயின்டைக் கண்டுபிடித்தது தானாகவே இருக்கலாம் என்றும், அப்படியென்றால் அதற்காக வருந்துவதாகவும் அவரே பிற்காலத்தில் எழுதினார்.

வருந்தக் காரணம் உண்டு. 40 பொயின்ட் எடுத்தால் போனஸ் என்று மனேஜர் சொன்ன அடுத்த ஸ்பிரின்டைக் கவனியுங்கள். நேற்றுவரை 3 போட்ட வேலைக்கு இன்று 5 விழும். யாரும் பொய் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் பெரிய எண்ணைப் போடுவோம் என்ற பழக்கம் மெல்ல ஊறிவிடுகிறது, அவ்வளவுதான். அளவை இலக்காக்கினால் அளவு கெட்டுவிடும் என்ற இந்தக் கருத்து, பிரித்தானியப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. மென்பொருள் அணிக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும்.

கிளையன்ட் விடாமல் கேட்டால் வெலொசிட்டியைக் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் ஆள்நாளையும் எழுதிக் கொடுங்கள். இலங்கையில் இது கட்டாயம். மாதந்தோறும் போயா, ஏப்ரலில் வருடப்பிறப்பு, வெசாக்குக்கு மறுநாளும் விடுமுறை. லண்டனில் இருப்பவருக்குப் போயா என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. வெலொசிட்டிக் கோடு சரிவது மட்டுந்தான் அவர் கண்ணில் படும். ஆறு பேருக்குப் பத்து நாள் என்றால் 60 ஆள்நாள். அதே அணிக்கு ஒரு போயாவும் இரண்டு நாள் வருடப்பிறப்பு விடுமுறையும் வந்து, ஒருவர் நான்கு நாள் லீவும் எடுத்தால் மிஞ்சுவது 38. முன்னதில் 30 பொயின்ட், பின்னதில் 20 பொயின்ட் என்று வையுங்கள். பார்வைக்கு மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி. ஆள்நாளால் வகுத்தால் 0.50 என்று இருந்தது 0.53 ஆகியிருக்கிறது.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த மாதங்களின் வெலொசிட்டியைக் கொண்டு அணிகளை வரிசைப்படுத்தியிருந்தால், யாருக்கு ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்தது என்ற பட்டியல்தான் கிடைத்திருக்கும்.

துறைமுகத்தில் எழுதும் தாள்

சீனக்குடாவில் பிரிமா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் போன்ற மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கு, ஸ்டேட்மென்ட் ஒஃப் ஃபக்ட்ஸ் என்றொரு தாள் எழுதுவார்கள். கப்பல் வந்து சேர்ந்த நேரம், பைலட் ஏறிய நேரம், கட்டிய நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், மழைக்கு ஹட்ச் மூடிய நேரம், மீண்டும் திறந்த நேரம், முடித்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். கப்பலை வாடகைக்கு எடுத்தவர் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டுமா என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஆட்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று எழுத அதில் இடமில்லை. வேலை நடந்த நேரம், நின்ற நேரம், நின்றதற்குக் காரணம், இவைதான் அதிலிருக்கும். துறைமுகங்களுக்கென ஐ.நா.வின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பான அங்டாட் 1976இல் வெளியிட்ட அளவுகோல்களும் காத்திருந்த நேரத்தையும் வேலை நடந்த நேரத்தையும் வேறுவேறாகவே எண்ணச் சொல்கின்றன.

உங்கள் அணியின் ஒரே ஒரு டிக்கட்டுக்கு இப்படியொரு தாள் எழுதிப் பாருங்கள். புறாத்தீவுப் படகுச் சவாரிக்கான பதிவுப் பக்கத்தில், ரத்துச் செய்தவருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கும் வசதியைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் உதாரணம் எடுப்போம். இளைய நிரலாளர் ஒருவர் அதைத் திங்கள் காலையில் எடுக்கிறார். செவ்வாய் மதியத்துக்குள் கோட் எழுதி ரிவியூவுக்குப் போட்டுவிடுகிறார். ரிவியூ செய்யக்கூடியவர் அணியில் ஒருவர்தான். அவருக்கு வேறு அவசரம். வியாழன் பின்னேரம் அரை மணித்தியாலம் பார்த்து இரண்டு குறிப்பு எழுதுகிறார். வெள்ளி காலை ஒரு மணித்தியாலத்தில் திருத்தம் முடிகிறது. சோதிப்பவரைக் கொழும்பு அணியோடு பங்குபோட்டுக் கொள்வதால் அவர் கைக்கு வருவது அடுத்த செவ்வாய். இரண்டு மணித்தியால வேலை. புதன்கிழமை லண்டனுக்கு அனுப்புகிறார்கள். "ஓகே" என்று பதில் வர மறு திங்கள் ஆகிறது. ரிலீஸ் செய்வது செவ்வாய்களில் மட்டும் என்பதால் அடுத்த நாள் வெளியே போகிறது.

கணக்குப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை 12 வேலைநாள். கை பட்ட நேரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு நாள். அந்த நிரலாளரை இரட்டிப்பு வேகத்தில் எழுதவைத்தால்கூட மிச்சமாவது ஒரு நாளுக்கும் குறைவு. ரிவியூ செய்ய இன்னொருவரைப் பழக்கி, கிளையன்டிடமிருந்து 24 மணித்தியாலத்துக்குள் பதில் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் சேர்த்தால் நான்கைந்து நாள் மிச்சமாகும். அணி மந்தம் என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆட்கள் மந்தமில்லை, வேலை வரிசையில் கிடக்கிறது.

ஒரு டிக்கட்டுக்கு எழுதிப் பார்த்தபின் எல்லாவற்றுக்கும் கையால் எழுதத் தேவையில்லை. ஜிராவோ ட்ரெலோவோ, டிக்கட் எந்தக் கட்டத்துக்கு எப்போது நகர்ந்தது என்பதைத் தானாகவே வைத்திருக்கும். ஒரு நிபந்தனை: "ரிவியூவில்" என்ற ஒரே கட்டத்துக்குப் பதிலாக "ரிவியூவுக்குக் காத்திருக்கிறது", "ரிவியூ நடக்கிறது" என்று இரண்டு வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் இந்தப் பிரிவு இருக்காது. அதனால்தான் காத்திருப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

இன்னொரு சூத்திரமும் கையோடு இருக்கட்டும். ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது: ஒரு வரிசையில் சராசரியாக இருக்கும் உருப்படிகளின் எண்ணிக்கை, அவை வந்து போகும் வேகத்தை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவதற்குச் சமம். கிழமைக்கு 6 டிக்கட் முடிக்கும் அணியின் கையில் 24 டிக்கட் திறந்து கிடந்தால், ஒன்று முடிய சராசரி 4 கிழமை ஆகும். முடிக்கும் வேகம் அப்படியே இருக்க, திறந்து வைப்பதை 12 ஆக்கினால் 2 கிழமை. யாரும் ஒரு மணித்தியாலம் கூடுதலாக இருந்து வேலை செய்யத் தேவையில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன் பாதியில் கிடப்பதை முடிக்க வேண்டும் என்பதே இதற்குப் பொருள். சொல்ல எளிது, "அவசரம்" என்று கிளையன்ட் அனுப்பும் மூன்றாவது மின்னஞ்சலுக்கு முன்னால் இதைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

சராசரியை மட்டும் நம்பவும் கூடாது. 20 டிக்கட்டில் ஒன்று 60 நாள் கிடந்திருந்தால் அது சராசரியையே இழுத்துவிடும். கடைசி 20 டிக்கட்டையும் எடுத்த நாட்களின்படி அடுக்கி, 17ஆவது எத்தனை நாள் எடுத்தது என்று பாருங்கள். அது 13 என்றால் கிளையன்டிடம் "இப்படியான வேலைகளில் நூற்றுக்கு 85 பங்கு 13 நாளுக்குள் முடிந்திருக்கிறது" என்று சொல்லலாம். "இரண்டு கிழமையில் தந்துவிடுவோம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதை விட இது நேர்மையானது.

முடியாமல் கிடக்கும் டிக்கட்டுக்கு வயதும் உண்டு. காலை ஸ்டாண்ட்-அப்பில் கேட்டிருப்பீர்கள்:

"தம்பி, அந்த பேமன்ட் டிக்கட் எப்பிடி?"

"இண்டைக்கு முடிஞ்சிரும் அண்ணா."

அடுத்த நாளும் இதே பதில். மூன்றாம் நாளும். தம்பி பொய் சொல்லவில்லை. எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கிறார், மூத்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல வெட்கப்படுகிறார். போர்டில் ஒவ்வொரு டிக்கட்டுக்கும் பக்கத்தில் அது நகராமல் இருக்கும் நாட்களின் எண்ணிக்கை தெரிந்தால், கேள்வியே வேறாகிவிடும். "நீ ஏன் முடிக்கேல்ல" என்பது போய், "இது அஞ்சு நாளா நிக்குது, யார் பக்கத்தில இருந்து பாக்கிறது" என்று வரும்.

டோரா சொல்லும் நான்கு

நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018இல் எழுதிய அக்சலரேட் என்ற நூலால் பரவலான, டோரா என்ற ஆய்வின் நான்கு அளவுகள் இவை: எத்தனை தரம் ரிலீஸ் செய்கிறீர்கள், ஒரு மாற்றம் கோட் ஆனதிலிருந்து பாவனைக்கு வர எவ்வளவு நேரம், ரிலீஸ்களில் எத்தனை பங்கு பிசகுகிறது, பிசகினால் சரிக்கட்ட எவ்வளவு நேரம். நல்ல அணிகளில் வேகமும் உறுதியும் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க வேண்டியதில்லை என்பதே அவர்களின் முக்கியக் கண்டுபிடிப்பு.

சிறு அணிக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும். மாதத்துக்கு 8 ரிலீஸ் செய்யும் அணியில் ஒன்று பிசகினால் 12.5 வீதம், இரண்டு பிசகினால் 25 வீதம். போன மாதத்தைவிடத் தோல்வி இரட்டிப்பு என்று அறிக்கை எழுதலாம், ஆனால் நடந்தது கூடுதலாக ஒரே ஒரு பிசகு. வீதத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிசகுக்கும் திகதி, என்ன உடைந்தது, முதலில் கண்டது யார், சரியாக எவ்வளவு நேரம் என்று நான்கு விடயத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "முதலில் கண்டது யார்" என்ற இடத்தில் "கிளையன்ட்" என்று திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஒன்றே அடுத்த மாதம் எதில் கைவைக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

"ஒண்டும் இல்ல சேர்"

அணியின் ஆரோக்கியத்தை அளக்கும் முறைகளில் அதிகம் பேசப்பட்டது, ஹென்ரிக் நிபேர்க்கும் கிறிஸ்டியன் லிண்ட்வாலும் 2014இல் எழுதி வெளியிட்ட ஸ்பொட்டிஃபை கொம்பனியின் முறை. ரிலீஸ் செய்வது சுலபமா, கோட் ஆரோக்கியமாக இருக்கிறதா, கற்றுக்கொள்கிறோமா, வேலை சந்தோஷமா, உதவி கிடைக்கிறதா என்று பதினொரு அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒன்றைக் காட்ட வேண்டும். இது அணிகளை ஒப்பிட்டு மார்க் போடுவதற்கல்ல, அணிக்கு எங்கே உதவி தேவை என்று அறிவதற்கு என்று அவர்கள் தெளிவாகவே எழுதினார்கள். அந்தப் பகுதியைத்தான் மனேஜர்கள் வாசிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

நம் பக்கத்தில் இதை நடத்தினால் முதல் தரம் எல்லாம் பச்சையாக வரும். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "ஒண்டும் இல்ல சேர்." அணித்தலைவரை சேர் என்றோ அண்ணா என்றோ அழைக்கும் இடத்தில், அவர் எழுதிய கோட் சிவப்பு என்று அட்டை தூக்க யாருக்கு மனம் வரும்? பெயரில்லாக் கணிப்பு நடத்தினால் தீரும் என்று நினைப்பார்கள். ஆறு பேரில் பெயரில்லாமல் எழுதவே முடியாது. அணியில் ஒரே ஒரு பெண் இருந்தால், கிண்ணியாவிலிருந்து வரும் ஒரே ஒருவர் இருந்தால், சிங்களத்தில் யோசிக்கும் ஒரே ஒருவர் இருந்தால், ஒரு வசனத்தில் ஆள் தெரிந்துவிடும். சின்ன ஊர், உங்கள் சோதனையாளரின் மாமாவும் கிளையன்டின் உள்ளூர் முகவரும் ஒரே தெருக்காரராகவும் இருப்பார்கள்.

எனவே சில நடைமுறைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்க வேண்டும். மூத்தவர் முதலில் தூக்கினால் மற்றவை அதைப் பார்த்துத்தான் எழும். முதல் இரண்டு தரமும் அணித்தலைவர் அறையில் இல்லாமலிருப்பது நல்லது. வேறோர் அணியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு நடத்தச் சொல்லலாம். கிளையன்டோடு ஆங்கிலத்தில் கதைத்த பழக்கத்தில் ரெட்ரோவையும் ஆங்கிலத்தில் நடத்துவது வழக்கமாகிவிட்டது. அதைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் திறந்துவிடுங்கள், அதுவரை வாயே திறக்காதவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியத்தில் ரெட்ரோ வைக்க வேண்டாம், ஜும்மாவுக்குப் போக வேண்டியவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அட்டை நிறங்களை விட நான் அதிகம் நம்புவது வேறு இரண்டு எண்ணிக்கையை. ஒன்று, ரெட்ரோவில் வந்த விடயங்களில் தலைவர் அல்லாதவர் கிளப்பியவை எத்தனை. இரண்டு, போன ரெட்ரோவில் தீர்மானித்தவற்றில் நடந்து முடிந்தவை எத்தனை. தீர்மானித்த மூன்றில் ஒன்றும் நடக்காமல் இரண்டு மூன்று ரெட்ரோ போனால், பிறகு யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். எல்லா அட்டையும் பச்சையாகும்.

பிழைகளின் எண்ணிக்கையை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ஏமி எட்மன்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட பிரிவுகளிலேயே கூடுதல் தவறு பதிவாகியிருந்ததைக் கண்டார். அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதை விட, அதைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். உள ரீதியான பாதுகாப்பு என்ற கருத்தை 1999இல் அவர் விரித்து எழுதியதன் வேர் இதுதான். புதிய தலைவர் வந்தபின் பக் பட்டியல் நீண்டால் உடனே முகம் சுளிக்காதீர்கள். முன்பு மறைத்தவை வெளியே வருகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இரவு வேலையையும் எண்ணுங்கள். லண்டனில் மாலை 5 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 10.30, கோடையில் 9.30. "ஒரு சின்ன விசயம்" என்று அப்போது வட்ஸ்அப் வரும். மாதத்தில் எத்தனை இரவு அணியில் யாராவது 9 மணிக்குப் பிறகு பதில் எழுதினார் என்பது ஒரு நல்ல அளவு. யார் என்று எழுத வேண்டாம், எத்தனை இரவு என்பது போதும். ரிலீஸ் எண்ணிக்கையும் இந்த எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறினால் அந்த வேகம் கடனில் வருகிறது.

கடைசியாக, ஆள் போனால் என்ன ஆகும் என்ற அட்டவணை. 2022க்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களை எண்ணிப் பார்த்தால் இது ஏன் அவசியம் என்று விளக்கத் தேவையில்லை. மென்பொருளின் பகுதிகளை இடப்பக்கம் எழுதுங்கள்: பேமன்ட், சேர்வர், ரிலீஸ் செய்யும் ஸ்கிரிப்ட், கிளையன்டின் கணக்குகளுக்கான கடவுச்சொற்கள். வலப்பக்கம், இன்றிரவு உடைந்தால் தனியாகச் சரிசெய்யக்கூடியவர்களின் பெயர்கள். ஒரே பெயர் உள்ள வரிகளை எண்ணுங்கள். அணித்தலைவரின் பெயர் தனியாக நிற்கும் வரிகள்தான் பெரும்பாலும் அதிகம் இருக்கும். அது அவருக்குப் பெருமையாகவும் இருக்கும். அதனாலேயே அந்த எண் குறைய நாளாகும்.

யார் பாவிக்கிறார்கள்

2004 டிசம்பர் 26 சுனாமி கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளையும் விட்டுவைக்கவில்லை. அந்த நாட்களில் இலங்கைத் தன்னார்வலர்கள் அவசரமாக எழுதியதுதான் சஹானா என்ற கட்டற்ற மென்பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் என்று பதிவேடுகள் அதில் இருந்தன. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அப்படியான மென்பொருளுக்கு அளவு, முகாமில் இருப்பவர் தன் ஆளைத் தேட அதைத் திறந்தாரா என்பதுதான்.

உங்கள் அணி எழுதுவது படகுப் பதிவுப் பக்கமாக இருக்கலாம். அதற்கும் இதே கேள்வி உண்டு. பணம் திருப்பும் வசதி வெளியான பின் எத்தனை பேர் அதைப் பாவித்தார்கள், நிலாவெளிப் படகுக்காரருக்கு வந்த முறைப்பாட்டுத் தொலைபேசி அழைப்புகள் குறைந்தனவா? கிளையன்ட் இந்த எண்ணைத் தாமாகத் தரமாட்டார். ரிலீஸ் முடிந்து நான்கு கிழமையில் கேட்டு வாங்குவதை டிக்கட்டின் கடைசிக் கட்டமாகவே போர்டில் சேர்த்துவிடுங்கள்.

வெளியே அனுப்புவதும் உள்ளே வைப்பதும்

கிளையன்டுக்கு மாதம் ஒரு பக்கம் போதும்: 17ஆவது டிக்கட் எத்தனை நாள், பிசகுகளின் பட்டியல், காத்திருப்பில் அவர்கள் பக்கத்தில் கழிந்த நாட்கள், ஆள்நாளோடு சேர்த்து வெலொசிட்டி. மூன்றாவதைச் சேர்க்கத் தயங்குவார்கள். மரியாதையாக, பெயர் சொல்லாமல், "ஒப்புதலுக்குக் காத்திருந்தது: 31 நாள்" என்று ஒரு வரி எழுதினால் யாரும் கோபிப்பதில்லை, அடுத்த மாதம் பதில் கொஞ்சம் வெள்ளென வரும்.

அட்டை நிறங்கள், இரவு எண்ணிக்கை, ஒரே பெயர் வரிகள் மூன்றும் அணிக்குள் இருக்க வேண்டியவை. தலைமை ஒபிஸ் கேட்டாலும், என்ன மாற்றினோம் என்பதைச் சொல்லுங்கள், எண்ணைக் கொடுக்காதீர்கள். ஒரு தரம் கொடுத்தால் அடுத்த தரம் எல்லாம் பச்சையாகவே வரும், அதன்பின் நீங்கள் அளக்க ஒன்றும் இராது.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அளவுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைப் பார்த்து எடுத்த தீர்மானம் ஒன்றை எழுதுங்கள். எதிரே எழுத ஒன்றும் இல்லாத அளவை அன்றே நிறுத்துங்கள். ஆறு பேர் அணிக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து அளவுக்கு மேல் தேவைப்படாது.